கேட்டலாக் பார்த்துக் கட்டிய கடைக்காரர் வீடு: எது உண்மை, எது ஊர்ப்பேச்சு?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மகளைப் பார்க்க அமெரிக்கா போன இடத்தில், ஒரிகன் மாநிலத்தின் தென்பகுதியில் இருக்கும் ஜாக்சன்வில் என்ற சிற்றூருக்கு உங்களை அழைத்துப் போயிருக்கிறார்கள். அங்கே ஜெரமையா நுனன் என்ற வணிகர் 1892இல் கட்டிய மரவீட்டைப் பார்த்து அசந்து நின்றிருக்கிறீர்கள். கேட்டலாக்கைப் பார்த்து டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில்லில் ஆர்டர் செய்த வீடு, 14 சரக்கு ரயில் பெட்டிகளில் வந்தது, ஆறு மாதத்தில் எழுப்பி முடித்தார்கள், செலவு 7,800 டாலர், மனைவிக்குக் கிறிஸ்துமஸ் பரிசு என்று உடன் வந்தவர் சொல்லியிருக்கிறார். வீடு ரயிலில் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே ஒரே வரியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: "ஒரு சின்ன ஊர்க் கடைக்காரருக்கு இவ்வளவு பெரிய வீடு எப்படி?" உங்களைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி அந்த இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். ரயில் பெட்டிக் கதையைப் பிரித்துப் பார்த்தால் அதற்கான விடையில் பாதி வந்துவிடும்.

நான் கட்டடப் பொறியாளர். பழைய மரவீடுகளைச் சோதித்து, எது தாங்கும், எதை மாற்ற வேண்டும் என்று அறிக்கை எழுதுவதே 20 வருஷத்துக்கு மேலாக என் வேலை. அதில் பெரும்பகுதி அமெரிக்காவின் மேற்குக் கரையில். நுனன் வீட்டைத் தெருவில் நின்று பார்த்திருக்கிறேனே தவிர, அதன் சுவரைத் திறந்து பார்த்தவன் இல்லை. ஆனால் அதே வயதும் அதே பாணியும் உள்ள வீடுகள் பலவற்றில் தரைக்கு அடியில் தவழ்ந்திருக்கிறேன், பரணில் மணிக்கணக்காக டார்ச் விளக்கோடு உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். உறுதியானதை உறுதி என்றும் என் ஊகத்தை ஊகம் என்றும் பிரித்தே எழுதுகிறேன்.

பெயரை முதலில் முடித்துவிடலாம். விக்டோரியா மகாராணி இங்கிலாந்தை ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலத்து வீடுகளை எல்லாம் பொதுவாக விக்டோரியன் என்கிறோம். அது காலத்தின் பெயர், பாணியின் பெயர் இல்லை. நீங்கள் பார்த்த வீட்டின் பாணிக்குக் குவீன் ஆன் என்று பெயர். ஆன் ராணி 1702இலிருந்து 1714 வரை ஆண்டவர்; அவர் காலத்து வீடுகளுக்கும் இதற்கும் நேரடி உறவு கிடையாது. இங்கிலாந்தில் நார்மன் ஷா போன்ற கட்டடக் கலைஞர்கள் 1870களில் பழைய செங்கல் வீடுகளின் சாயலை எடுத்துப் புதிதாகச் செய்தார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவுக்கு வந்ததும் அது செங்கல்லை விட்டுவிட்டு மரத்துக்கு மாறி, வேறு உயிராகவே ஆகிவிட்டது. பல திசைகளில் இறங்கும் கூரை, வீட்டைச் சுற்றி ஓடும் திண்ணை, கடைசல் தூண்கள், வெளியே பிதுங்கி நிற்கும் சன்னல்கள், மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடித்த சிறு பலகைகள் எல்லாம் அந்த அமெரிக்கக் குவீன் ஆனின் அடையாளங்கள்.

இப்போது கேட்டலாக். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. நாக்ஸ்வில்லில் ஜார்ஜ் ஃபிராங்க்ளின் பார்பர் என்ற கட்டடக் கலைஞர் இருந்தார். 1854இல் இல்லினாய் மாநிலத்து டிகால்ப் என்ற ஊரில் பிறந்து, உடல்நலம் கருதி 1888இல் டென்னசிக்குக் குடிபெயர்ந்தவர். வீட்டு வரைபடங்களைப் படத்தோடு புத்தகமாக அச்சிட்டு நாடு முழுவதும் விற்றார். ஒரு வீடு பிடித்திருந்தால் அதன் எண்ணைக் குறிப்பிட்டுப் பணம் அனுப்பினால் போதும், முழு வரைபடக் கட்டு தபாலில் வரும். அவருடைய வியாபாரத்தின் உயிர்நாடி இன்னொன்று: சமையலறையைப் பின்னால் தள்ள வேண்டுமா, ஓர் அறை கூட வேண்டுமா, வீட்டை இடவலமாகத் திருப்ப வேண்டுமா, எழுதுங்கள், மாற்றித் தருகிறேன் என்று அழைத்தார். மக்களும் எழுதினார்கள். 1890களில் அவர் அலுவலகம் வரைபடத் தொழிற்சாலை போலவே ஓடியது. மொத்தம் 20,000 வரைபடக் கட்டுகள் அளவுக்கு விற்றிருப்பார் என்று மதிப்பிடுகிறார்கள். நாக்ஸ்வில்லின் பார்க்ரிட்ஜ் பகுதியில் அவர் தாம் குடியிருந்த வீடும், அவர் வரைந்த வேறு வீடுகளும் இன்றும் நிற்கின்றன. ஆக, ஜாக்சன்வில்லில் ஒருவர் 4,000 கிலோமீட்டர் தள்ளி இருந்த, முகம் பார்த்திராத ஒருவரிடம் வீடு வரையச் சொன்னார் என்பது அந்தக் காலத்து அன்றாட நடப்பு.

வரைபடம் வந்தது சரி, வீடு வந்ததா? இங்கேதான் நான் தயங்குகிறேன். மரச்சட்டம், பலகை எல்லாவற்றையும் அளவாக அறுத்து, எண் போட்டு, பெட்டியில் அனுப்பி, வந்த இடத்தில் பூட்டும் வீடுகள் அமெரிக்காவில் உண்டு. அலாடின் நிறுவனம் 1906இல் தொடங்கியது; தபால் வழியே சாமான் விற்ற சியர்ஸ் ரோபக் நிறுவனம் 1908இல் வீட்டுக் கேட்டலாக் போட்டது, அளவாக அறுத்த மரத்தைச் சேர்த்து அனுப்ப ஆரம்பித்தது அதற்கும் பிறகு. அதற்கு முன்னாலும், 1849 தங்க வேட்டைச் சமயத்தில், கலிஃபோர்னியாவுக்குக் கப்பலில் சின்னச் சின்னப் பெட்டி வீடுகள் வந்ததுண்டு. ஆனால் 1892இல் பார்பர் விற்றது அடிப்படையில் காகிதம். பின்னால் வந்த சியர்ஸ் வீடுகளின் கதை ஜனங்கள் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டதால், கேட்டலாக் என்ற சொல்லைக் கேட்டாலே வீடே பெட்டியில் வந்ததாக நினைக்கிறார்கள். நான் வேலை பார்த்த ஊர்களில் பாதிக்குப் பாதி இந்தக் கதை உண்டு. ஒவ்வோர் ஊரிலும் ஒரு வீடு "ரயிலில் வந்த வீடு".

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இது என் மதிப்பீடு, யாருடைய ஆவணமும் இல்லை. நல்ல பெரிய குவீன் ஆன் வீடு ஒன்றுக்குச் சட்டம், பலகை, தரை, கூரை எல்லாம் சேர்த்து 70, 80 டன் மரம் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய சரக்குப் பெட்டி ஒன்று 15 டன்னிலிருந்து 20 டன் வரை தாங்கும். முழு மரத்தையும் ஏற்றினாலே ஐந்தாறு பெட்டிதான் வருகிறது. 14 பெட்டி என்றால் அஸ்திவாரத்துச் செங்கல்லையும் சுண்ணாம்பையும் சேர்த்து ஏற்றியிருக்க வேண்டும். செங்கல்லை யாரும் கண்டம் கடந்து அனுப்ப மாட்டார்கள். அதைவிடப் பெரிய விஷயம், ஜாக்சன்வில்லைச் சுற்றி என்ன இருக்கிறது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். மலை முழுக்க டக்ளஸ் ஃபர் மரம். உலகத்துக்கே மரம் அனுப்பும் மாநிலத்துக்கு டென்னசியிலிருந்து சட்டம் வரவழைப்பது தஞ்சாவூருக்கு நெல் மூட்டை அனுப்புவது போல. அதனால் சுவருக்குள் நிற்கும் எலும்புக்கூடு உள்ளூர் மரம் என்றே நான் நினைக்கிறேன். சுவரைத் திறந்து மரத்தைப் பார்த்தால் அரை நாளில் தீர்ந்துவிடும் கேள்வி இது, திறக்காதவரை ஊகம்தான்.

ஆனால் கதையில் ரயிலே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. கணப்பு அடுப்பின் முகப்பு, வண்ணக் கண்ணாடி, பித்தளைப் பூட்டு, கடைசல் பிடித்த படிக்கட்டுக் கம்பங்கள், செதுக்கிய கதவு போன்றவை தொலைதூரத் தொழிற்சாலைகளிலிருந்து வந்தன. இவற்றுக்கும் தனித்தனிக் கேட்டலாக் உண்டு. ஒருமுறை வேறொரு மலையடிவார ஊரில், ஏறக்குறைய இதே வயது வீட்டில், படிக்கட்டை ஒட்டிய சுவர்ப்பலகை நீரில் ஊறி வளைந்துவிட்டது என்று கூப்பிட்டிருந்தார்கள். பலகையை மெதுவாக நெம்பி எடுத்துத் திருப்பினேன். முன்பக்கம் பளபளவென்று ஓக் மரம், பின்பக்கம் இழைக்காத சொரசொரப்பு. அந்தச் சொரசொரப்பின் மேல் கறுப்பு மையில் தூரிகையால் எழுதிய வீட்டுக்காரரின் பெயர், அதன் கீழே இறக்க வேண்டிய ரயில் நிலையத்தின் பெயர். 110 வருஷம் இருட்டில் இருந்ததால் மை நேற்று எழுதியது போல இருந்தது. பக்கத்தில் நின்ற இன்றைய வீட்டுக்காரர் அந்த எழுத்தைத் தொடாமல், விரலை அதன் மேலாகக் காற்றில் ஓட்டினார். அதே சுவரின் உள்ளே நின்ற சட்டங்களில் எந்த எழுத்தும் இல்லை. பத்து மைல் தள்ளி இருந்த ரம்ப ஆலையின் மரம். ரயிலில் வந்தது தோல், உள்ளூரில் கிடைத்தது எலும்பு. நுனன் வீட்டிலும் இப்படித்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. கொஞ்சம் பெட்டிகள் வந்து இறங்கியதை ஊர் பார்த்திருக்கும், பிறகு வாய்க்கு வாய் எண்ணிக்கை ஏறியிருக்கும்.

காலமும் இதற்குப் பொருந்துகிறது. ஜாக்சன்வில் 1851-52 குளிர்காலத்தில் தங்கம் கிடைத்துப் பிறந்த ஊர். மாவட்டத் தலைநகரமாக, நீதிமன்றமும் வங்கியுமாக இருந்தது. ஆனால் 1883-84இல் ரயில் பாதை வந்தபோது ஊரை விட்டு எட்டு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. அந்தப் பாதையில் முளைத்த புது ஊர்தான் மெட்ஃபோர்டு. 1887 டிசம்பரில் பக்கத்து ஆஷ்லாந்தில் ஒரிகன் பாதையும் கலிஃபோர்னியா பாதையும் இணைந்தன. அதன் பின் சான் ஃபிரான்சிஸ்கோ சரக்கு மெட்ஃபோர்டுக்கு நேராக வந்து இறங்கியது. தங்கள் ஊர் ஒதுங்கிப்போகிறதே என்ற பதைப்பில் மெட்ஃபோர்டிலிருந்து ஜாக்சன்வில்லுக்கு ஒரு குட்டி ரயில் பாதை போட்டார்கள். அது ஓடத் தொடங்கிய வருஷம் 1891. வீடு எழுந்தது 1892. கனமான, உடையக்கூடிய சாமான்களை ஊர்வரை ரயிலிலேயே கொண்டுவர முடிந்த முதல் வருஷங்களில் கட்டிய வீடு இது. ரயில் கதை ஊர் நினைவில் இவ்வளவு அழுத்தமாக நின்றதற்கு அதுவும் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த ஊருக்கு அப்போது ரயில் என்பது மானப் பிரச்சினை.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். கடைக்காரருக்கு இது எப்படிக் கட்டுப்படியானது? 7,800 டாலர் அன்று சின்னத் தொகை இல்லை. தச்சருக்கு நாள் கூலி இரண்டு மூன்று டாலர் இருந்த காலம். ஒரு தச்சர் பத்து வருஷம் வேலை செய்தால் வரும் பணம் அது. நுனன் சேணமும் தோல் சாமானும் விற்றுத் தொடங்கிக் கடையால் உயர்ந்தவர், வசதியானவர்தான். ஆனால் நாம் அரண்மனை என்று நினைப்பதற்கும் இந்தத் தொகைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைக் குறைத்தது தொழில்நுட்பம். அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் நான் நன்றாக அறிந்த பகுதி.

பழைய முறையில் மரவீடு கட்ட ஒரு சாண் கனமான தூணும் உத்தரமும் வேண்டும். துளை போட்டு, கழுந்து வெட்டி, ஒன்றில் ஒன்றைச் செருகி ஆப்பு அடிக்க வேண்டும். அதற்குப் பல வருஷம் தொழில் பழகிய ஆசாரி வேண்டும், தூக்கி நிறுத்த இருபது ஆள் வேண்டும். 1830களின் தொடக்கத்தில் சிகாகோவில் இது மாறியது. யார் முதலில் செய்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் வழக்கு தீரவில்லை. ஜார்ஜ் ஸ்னோ என்பார்கள், அகஸ்டின் டெய்லர் என்பார்கள். முறை மட்டும் தெளிவு. நம் ஊரில் நாலுக்கு ரெண்டு என்று சொல்லும் அளவுள்ள மெல்லிய சட்டங்களை 16 அங்குலத்துக்கு ஒன்றாக நெருக்கி நிறுத்து, ஆணி அடி, முடிந்தது. அஸ்திவாரத்திலிருந்து கூரை வரை ஒரே சட்டம் இரண்டு மாடிக்கும் ஓடும். பார்க்கக் காற்றில் பறந்துவிடும் போல இருந்ததால் பலூன் ஃபிரேம் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். நாலு பேர் சேர்ந்தால் எழுப்பிவிடலாம். சட்டத்துக்குள் எந்த மூலையையும் எந்தக் கோணத்திலும் திருப்பலாம் என்பதால்தான் இந்த வீடுகள் இவ்வளவு பிதுக்கமும் மடிப்புமாக இருக்கின்றன. கனமான தூணில் கட்டினால் ஒவ்வொரு மூலையும் தனிச் செலவு. ஆணியில் கட்டினால் இன்னும் கொஞ்சம் ஆணி, அவ்வளவுதான்.

ஆணி அப்போது மலிந்துகொண்டே வந்தது. தகட்டிலிருந்து வெட்டிய சதுர ஆணிகள் போய், கம்பியிலிருந்து செய்த உருண்டை ஆணிகள் வந்த மாற்றம் சரியாக இந்த வருஷங்களில்தான் நடந்தது. 1886இல் பத்தில் ஒன்று கம்பி ஆணி; 1892 வாக்கில் அது சதுர ஆணியை முந்திவிட்டது. அதனால் அந்தக் காலத்து வீட்டில் இரண்டும் கலந்தே கிடைக்கும். ஓர் அறையில் எந்த ஆணி, அடுத்த அறையில் எந்த ஆணி என்று பார்த்தே எது முதலில் கட்டியது, எது பின்னால் சேர்த்தது என்று சொல்லலாம். நான் பரணுக்குப் போனதும் முதலில் தேடுவது ஆணியைத்தான்.

அடுத்து, நீங்கள் வியந்த அந்த வேலைப்பாடுகள். கையால் செதுக்கியது என்று நினைத்திருப்பீர்கள். பெரும்பாலும் கை இல்லை, நீராவி. நீராவியில் ஓடும் கடைசல் பட்டறையும் ரம்பமும் இழைப்பு இயந்திரமும் அன்று மேற்கின் ஊர்களுக்கெல்லாம் வந்துவிட்டன. ஒரே மாதிரி நூறு கம்பம் கடைவது காலைக்குள் முடியும் காரியம். பலகையில் அறுத்த பூவும் கொடியும் அடி கணக்கில் விலை போட்டு விற்றார்கள். இதைச் சொன்னால் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது. எனக்கு நேர்மாறாகத்தான் படுகிறது. அதுவரை பெரும்பணக்காரர் வாசலில் மட்டும் இருந்த அழகு, ஊர்க் கடைக்காரர் வாசலுக்கும், சில சமயம் இரும்புக் கொல்லர் வாசலுக்கும் வந்து சேர்ந்தது. இயந்திரம் அதைக் கொண்டுவந்தது. அதன் பிறகும் அந்தத் துண்டுகளை எங்கே வைப்பது, எவ்வளவு வைப்பது, எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்ய ஒரு கண் வேண்டியிருந்தது. பார்பருக்கு அந்தக் கண் இருந்தது.

பணம் வந்த வழி, செலவு குறைந்த வழி இரண்டையும் சொல்லியாயிற்று. ஏன் கட்டினார் என்பது மிச்சம். பெருமைக்குத்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். பெருமை இருக்கத்தான் செய்யும். ஆனால் சிற்றூர்க் கடைக்காரரின் தொழில் எப்படி ஓடியது என்று பார்த்தால் வேறொன்று தெரியும். அவர் சான் ஃபிரான்சிஸ்கோ போன்ற பெரிய ஊரின் மொத்த வியாபாரியிடம் கடனுக்குச் சரக்கு எடுப்பார். ஊர் விவசாயிக்கும் சுரங்கக்காரருக்கும் கடனுக்கே விற்பார், அறுவடையில் வசூல். இரண்டு பக்கமும் நம்பிக்கையில் நிற்கும் தொழில். முகம் தெரியாத கடைக்காரரை மொத்த வியாபாரி எப்படி நம்புவது? அதற்காகவே லூயிஸ் டப்பன் 1841இல் நியூயார்க்கில் ஒரு நிறுவனம் தொடங்கினார். பின்னாளில் அது ஆர்.ஜி. டன் என்று ஆனது. ஊருக்கு ஊர் ஆள் வைத்து, இந்தக் கடைக்காரர் குடிப்பாரா, நேர்மையானவரா, என்ன சொத்து இருக்கிறது, வீடு சொந்தமா என்று எழுதி வாங்கினார்கள். அந்தக் கையெழுத்துப் பேரேடுகள் 2,500க்கும் மேல் ஹார்வர்டின் பேக்கர் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் சில பக்கங்களின் நகலைப் படித்திருக்கிறேன். இரண்டே வரியில் ஒரு மனிதரின் குணமும் வீடும் நிலமும் அடங்கிவிடும், அந்த வரிகளை வைத்து அவருக்குச் சரக்கு போகும் அல்லது நிற்கும். நுனனைப் பற்றிய குறிப்பு எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் அப்படிப்பட்ட ஓர் உலகத்தில் ஊரின் நுழைவாயிலில் கம்பீரமாக நிற்கும் வீடு, கடையின் இரண்டாவது பெயர்ப்பலகை. இவர் நாளைக்கு ஓடிப்போகிறவர் இல்லை என்று வண்டியில் வரும் ஒவ்வொருவருக்கும் அது சொல்லிக்கொண்டே இருக்கும்.

வணிகர் வீடு என்பதை உள்ளே போனால் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். நான் சோதித்த வீடுகளில் இது தவறாமல் வரும் ஒழுங்கு. முன் கூடத்தில் கதவுக் கீல்கூடப் பூவேலை செய்த வார்ப்பு. பின் கதவில் வெறும் இரும்புக் கீல். முன் படிக்கட்டு அகலமாக, இடையில் நின்று திரும்பி, கைப்பிடி வழுவழுப்பாக ஏறும். பின் படிக்கட்டு ஏணி போல நெட்டுக்குத்தாக, இரண்டு சுவருக்கு நடுவே இருட்டில் ஏறும். தெருவைப் பார்த்த சுவரில் மூன்று விதப் பலகை வேலை. கொல்லைப்பக்கச் சுவரில் நேர்ப்பலகை. சில வீடுகளில் மலிவான ஃபர் மரக் கதவின் மேல் சாயமும் சீப்பும் கொண்டு ஓக் மரத்தின் ரேகையை வரைந்திருப்பார்கள். பக்கத்தில் மூக்கை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். இதில் வஞ்சகம் எதுவும் இல்லை. எங்கே செலவு செய்தால் பயன், எங்கே சிக்கனம் என்று தெரிந்த ஒருவர் கட்டிய வீடு. கணக்குப் பிள்ளையின் கையெழுத்து சுவரில் தெரியும்.

கிறிஸ்துமஸ் பரிசு பற்றிக் கேட்டால், மறுப்பதற்கும் உறுதி செய்வதற்கும் கட்டடத்தில் எதுவும் இருக்காது. குடும்பத்தின் வாய்வழி வந்த அன்பான நினைவு, அப்படியே இருக்கட்டும். ஆறு மாதத்தில் கட்டியது என்பதை நான் நம்புகிறேன். வரைபடம் தயார், சட்டம் உள்ளூர், அலங்காரம் ரயிலில், பலூன் முறை. எட்டுப் பத்து தச்சர்கள் இருந்தால் முடியும். சுண்ணாம்புச் சாந்து காயத்தான் நாள் பிடிக்கும். உட்சுவரில் மெல்லிய ரீப்பர்களை வரிசையாக அடித்து அதன் மேல் மூன்று பூச்சு பூசுவார்கள். ஒன்று காய்ந்த பிறகே அடுத்தது.

வருஷத்தையும் கவனியுங்கள். 1893இல் அமெரிக்காவில் பெரும் நிதி நெருக்கடி வந்தது, வங்கிகள் வரிசையாக விழுந்தன, நாடெங்கும் வீடு கட்டுவது வெகுவாகக் குறைந்தது. ஒரு வருஷம் தாமதித்திருந்தால் இந்த வீடு வரைபடமாகவே பெட்டிக்குள் கிடந்திருக்கும். ஊரும் அதன்பின் மெல்ல மெலிந்தது. கடைசியில் 1927இல் மாவட்டத் தலைநகரமும் மெட்ஃபோர்டுக்குப் போனது. ஆனால் அந்த மெலிவுதான் வீடுகளைக் காப்பாற்றியது. செழித்த ஊர்களில் 1892 வீட்டை இடித்துவிட்டு 1925இல் கட்டடம் எழுப்பினார்கள், அதை இடித்து 1960இல் வாகன நிறுத்தம் போட்டார்கள். ஜாக்சன்வில்லில் இடிக்கவும் காசு இல்லை. 1966இல் ஊரின் மையப்பகுதி தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டபோது, வேறு ஊர்களில் போய்விட்டதெல்லாம் இங்கே நின்றுகொண்டிருந்தது. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலை இழந்த மக்கள் தங்கள் கொல்லையிலேயே குழி தோண்டித் தங்கம் தேடினார்கள். ஊருக்கு அடியில் அந்தச் சுரங்கங்கள் இன்னும் இருக்கின்றன, சில சமயம் தரை உள்வாங்கும். அந்த ஊரில் யாராவது என்னை அஸ்திவாரம் பார்க்கக் கூப்பிட்டால், சுவர் விரிசலைப் பார்ப்பதற்கு முன்னால் தாத்தா காலத்தில் கொல்லையில் யார் தோண்டினார்கள் என்றுதான் கேட்பேன்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இன்று இவ்வகை வீடுகளில் காணும் பளிச்சென்ற இளஞ்சிவப்பும் ஊதாவும் பெரும்பாலும் 1960களுக்குப் பிறகு சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து பரவிய ரசனை. 1892இல் செங்காவி, ஆலிவ் பச்சை, கடுகு மஞ்சள், அடர் பழுப்பு என்று மண் சார்ந்த நிறங்கள்தான் அதிகம். மூன்று நான்கு நிறங்களைப் பிரித்துப் பிரித்துப் பூசுவார்கள். நடுவில் வெள்ளை மட்டும் அடித்த ஒரு நீண்ட காலம் உண்டு. எந்த வீட்டில் எது முதல் நிறம் என்று அறிய, மறைவான மூலையில் சிறு வட்டமாகப் பூச்சை அடுக்கடுக்காக உரித்துப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். மரத்தின் வளையம் போல அடுக்குகள் தெரியும்.

உங்கள் மகள் அப்படி ஒரு வீட்டை வாங்க விரும்புகிறாள் என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். வாங்கலாம், தைரியமாக. அந்தக் காலத்து ஃபர் மரத்தில் ஓர் அங்குலத்துக்குள் 20, 30 வளையம் இருக்கும். இன்று கடையில் கிடைக்கும் தோட்ட மரத்தில் ஐந்தாறுதான். கூரை ஒழுகாமல், அடிச்சட்டம் மண்ணைத் தொடாமல் இருந்தால் இன்னும் நூறு வருஷம் நிற்கும். மூன்று விஷயத்தை மட்டும் அவளிடம் சொல்லுங்கள். 1978க்கு முன் அடித்த வண்ணத்தில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு, உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்கவே கூடாது. குழந்தை இருக்கும் வீடு என்றால் இரட்டைக் கவனம். பீங்கான் குமிழில் சுற்றிய பழைய மின்கம்பி பரணில் இருந்தால் வீட்டுக் காப்பீட்டுக்காரர் கேட்பார், அதை மாற்றும் செலவை முதலிலேயே ஒதுக்க வேண்டும். பலூன் முறையில் அடியிலிருந்து கூரை வரை சுவருக்குள் தடை இல்லாத பொந்து ஓடும். கீழே பிடித்த தீ புகைபோக்கி போல மேலே ஏறிவிடும். ஒவ்வொரு மாடி மட்டத்திலும் குறுக்குக் கட்டை வைத்து அதை அடைக்கலாம், பெரிய வேலை இல்லை. கட்டடச் சட்டமும் வரலாற்று மாவட்ட அனுமதியும் ஊருக்கு ஊர் மாறும், அதில் என் பேச்சை நம்பாமல் அந்தந்த ஊர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளட்டும்.

மறுபடி ஜாக்சன்வில் போனால், நுனன் வீட்டின் முன்னால் மட்டும் நின்றுவிட்டு வராதீர்கள். அனுமதி கிடைத்தால் பின்பக்கமும் போய், தெருச் சுவரின் பலகையையும் கொல்லைச் சுவரின் பலகையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். திண்ணைத் தூண் ஒன்றின் மேல் கையை வைத்து, அடுத்த தூணிலும் வையுங்கள். ஒரே மேடு, ஒரே பள்ளம், மயிரிழை வித்தியாசம் இராது. பிறகு அங்கே வேலை செய்கிறவர் யாராவது இருந்தால், "சுவரைத் திறந்து பழுது பார்த்தபோது பலகையின் பின்பக்கம் ஏதாவது எழுத்து இருந்ததா?" என்று என் சார்பில் கேளுங்கள். இருந்தது என்று சொன்னால் எந்த ரயில் நிலையத்தின் பெயர் என்பதையும் குறித்துக்கொண்டு வந்து எனக்கு எழுதுங்கள்.